கேம் ஐடிக்குள் யாரோ நுழையப் பார்க்கிறார்களா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பெரம்பூரில் எட்டு கணினி போட்டு ஒரு சின்ன கேமிங் சென்டர் நடத்துகிறேன். சனி, ஞாயிறு வந்தால் கல்லாவில் உட்காரும் நேரத்தைவிட, யாராவது ஒரு பையனின் போனைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான் அதிகம். "அண்ணா, என் ஐடிக்குள்ள யாரோ வர்றாங்கண்ணா" என்று ஆரம்பிப்பார்கள். போன வாரம் அப்படி ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான். மெயிலைப் பார்த்தால், முந்தின இரவு சித்தப்பா வீட்டுக் கணினியில் அவனே லாகின் செய்ததற்கு வந்த அறிவிப்பு. அதே சாயங்காலம் இன்னொருவன், ஜூஸ் குடித்துக்கொண்டே, "ரெண்டு நாளா ஏதோ கோடு வருதுண்ணா, நான் கண்டுக்கல" என்றான். அவன் பாஸ்வேர்டு வேறு யார் கையிலோ இருந்தது.

பயப்பட வேண்டியவன் பயப்படாமலும், பயப்பட வேண்டாதவன் சோறு தண்ணி இல்லாமலும் இருப்பதைப் பார்த்துத்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. எந்த மெயில் வந்தாலும் அதில் உள்ள பட்டனை அழுத்தாதீர்கள். கேமின் ஆப்பையோ, தளத்தையோ நீங்களே தனியாகத் திறந்து, கணக்கு அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். உண்மையான எச்சரிக்கையைப் போலவே எழுதப்பட்ட பொய் எச்சரிக்கைதான் இன்று அதிகம் வேலை செய்கிற தூண்டில். மெயில் உண்மையானதாகவே இருந்தாலும், நீங்களாகத் திறந்து பார்ப்பதில் அரை நிமிடத்துக்கு மேல் செலவாகாது.

"நான் கேட்கவே இல்லை, கோடு வந்திருக்கிறது"

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கோடு என்பது லாகினைச் சரிபார்க்க மெயிலுக்கோ போனுக்கோ வரும் குறியீடு. எல்லா கோடும் ஒரே சேதியைச் சொல்வதில்லை. பாஸ்வேர்டு போட்ட பிறகு கேட்கப்படும் கோடு ஒரு வகை. பாஸ்வேர்டுக்குப் பதிலாகவே அனுப்பப்படும் கோடு இன்னொரு வகை. முதல் வகை கேட்காமல் வந்தால் ஒரு பூட்டு ஏற்கெனவே திறந்துவிட்டது. இரண்டாம் வகை வந்தால், யாரோ உங்கள் மெயில் முகவரியையோ போன் நம்பரையோ போட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கணினி கேம்களை வாங்கி ஆடும் தளமான ஸ்டீம் முதல் வகை. ஸ்டீம் கார்டு என்ற அதன் பாதுகாப்பு ஏற்பாட்டின் கோடு மெயிலில் வருகிறது என்றால், சரியான கணக்குப் பெயரும் சரியான பாஸ்வேர்டும் போடப்பட்டுவிட்டன என்று பொருள். அந்த மெயிலைக் கடைசிவரை படித்தால் அதிலேயே இதைச் சொல்லியிருப்பார்கள். பசங்க கோடை மட்டும் பார்த்துவிட்டு மெயிலை அழித்துவிடுகிறார்கள். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவனுக்கு நடந்தது இதுதான். அவனையும் திருடனையும் பிரித்து நின்றது அந்த ஐந்து எழுத்துக் கோடு ஒன்றுதான்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு, அதாவது எக்ஸ்பாக்ஸும் மைன்கிராஃப்டும் ஆடப் பயன்படும் கணக்கு, பெரும்பாலும் இரண்டாம் வகை. மெயில் முகவரி தெரிந்தால் போதும், "ஒருமுறை கோடு அனுப்பு" என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பழைய கசிவுப் பட்டியல்களில், அதாவது தளங்களிலிருந்து திருடுபோன பட்டியல்களில், இருக்கும் முகவரிகளுக்கெல்லாம் தானியங்கி நிரல்கள் இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கும். கோடை யாரிடமும் சொல்லாதவரை ஒன்றும் ஆகாது. தொல்லை தாங்கவில்லை என்றால் நல்ல வழி ஒன்று இருக்கிறது: அதே கணக்கில் புதிதாக ஒரு மாற்று முகவரியைச் சேருங்கள், அதை எங்கேயும் வெளியே கொடுக்காதீர்கள். பிறகு "உள்நுழைவு விருப்பங்கள்" என்ற இடத்தில் பழைய முகவரியால் உள்ளே வரும் அனுமதியை எடுத்துவிடுங்கள். பழைய முகவரிக்கு மெயில் வழக்கம்போல் வரும். அதை வைத்து லாகின் செய்யப் பார்ப்பவனுக்குத்தான் அப்படி ஒரு கணக்கே இல்லாததுபோல் ஆகிவிடும். இதைச் செய்த அன்றே கோடு மழை நின்றுபோனதை என் கணக்கிலேயே பார்த்தேன்.

மொபைல் கேம்களில் போன் நம்பருக்கு வரும் ஓடிபியும் இந்த இரண்டாம் வகைதான். சில நேரம் எவனாவது தன் நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டிருப்பான். ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். ஓடிபி வந்த கையோடு, "தம்பி, தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் சொல்றீங்களா?" என்று ஒரு போன் வந்தால் பதில் சொல்லாமல் வையுங்கள். "பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா?" என்று கேட்கும் மெயிலும் இந்த ரகம், முகவரி மட்டும் தெரிந்தால் யாரும் அதை வரவழைக்கலாம்.

சரி, முதல் வகை வந்துவிட்டது. என்ன செய்வது? பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அந்தப் பாஸ்வேர்டு அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெரும்பாலும் உங்கள் கேமிலிருந்து கிடைத்திருக்காது. எப்போதோ ஏதோ ஒரு தளத்தில் அதே மெயிலும் அதே பாஸ்வேர்டும் போட்டிருப்பீர்கள்; அங்கிருந்து பட்டியல் வெளியே போயிருக்கும்; அந்தப் பட்டியலை எடுத்து எல்லா கேம் தளங்களிலும் நிரல் ஒன்று போட்டுப் பார்க்கும். எனக்கே நடந்தது. டி-ஷர்ட் வாங்க ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கினேன்; சோம்பல்பட்டு என் மெயிலின் பாஸ்வேர்டையே அங்கும் போட்டேன். ஒரு வருடம் கழித்து என் மெயிலுக்குள் ஒருவன் வந்தான், அங்கிருந்து மூன்று கேம் கணக்குகளுக்கும் போனான். டி-ஷர்ட் முதல் சலவையிலேயே சாயம் போயிற்று, அது தனிக் கதை.

உங்கள் முகவரி எந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. முகவரியை மட்டும் போட்டால் போதும், பாஸ்வேர்டு கேட்காது. அதில் உங்கள் பெயர் வந்தால், அந்தத் தளத்தில் என்ன பாஸ்வேர்டு போட்டீர்களோ அதே பாஸ்வேர்டு உள்ள எல்லா இடத்திலும் மாற்றுங்கள். வரிசை முக்கியம்: முதலில் மெயில், அப்புறம்தான் கேம். மெயில் அவன் கையில் இருக்கும்போது கேமின் பாஸ்வேர்டை மாற்றினால், "மறந்துவிட்டேன்" என்று ஒரு தட்டு தட்டி அவன் மறுபடியும் மாற்றிவிடுவான்.

"நான் சென்னையில் இருக்கிறேன், மும்பையில் லாகின் என்கிறது"

பாதிக்குப் பாதி இது வீண் பயம். எச்சரிக்கை மெயிலில் வரும் ஊர்ப் பெயர் உங்கள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து எழுதப்பட்டதில்லை. ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண்ணை, பார்த்துப் போட்ட ஒரு கணிப்பு. மொபைல் டேட்டாவில் உங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த முகவரி நிறுவனத்தின் எந்த ஊர் நுழைவாயிலின் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்தான் மெயிலில் வரும். வேளச்சேரி பாலத்தின் கீழே நின்று லாகின் செய்தால் பெங்களூரு என்றும் வரும், மும்பை என்றும் வரும்.

ஊரை விட்டுவிட்டு மற்ற மூன்றைப் பாருங்கள்: நேரம், சாதனம், பிரவுசர். அந்த நேரத்தில் நீங்கள் லாகின் செய்தீர்களா? சாதனத்தின் பெயர் உங்கள் போன்தானா? நேரத்தைப் பார்க்கும்போது ஒரு பொடி எச்சரிக்கை: சில தளங்கள் உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இரவு எட்டரைக்கு நீங்கள் ஆடியது மெயிலில் பகல் மூன்று மணி என்று இருக்கும். இணையத்தை வேறு ஊர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டு ஆடும் பழக்கம் இருந்தால் ஊர் மட்டுமில்லை, நாடே மாறித்தான் வரும்.

நேரம் பொருந்தவில்லை, சாதனம் உங்களிடம் இல்லாத மாடல் என்றால் அது நிஜம். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, அந்த வரியில் வெற்றி என்று இருக்கிறதா, தோல்வி என்று இருக்கிறதா. மைக்ரோசாஃப்டின் அண்மைச் செயல்பாடு பக்கத்தில் பல நாடுகளிலிருந்து தோல்வியுற்ற முயற்சிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பலர் அரண்டுபோகிறார்கள். தோல்வி என்றால் பூட்டு வேலை செய்கிறது. நூறு தோல்விக்கு நடுவில் ஒரு வெற்றி இருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும். இருந்தால் கீழே "மறுபடியும் வருகிறார்கள்" பகுதிக்குப் போங்கள்.

"நள்ளிரவில் 'இது நீங்கள்தானா?' என்று போன் கேட்டுக்கொண்டே இருக்கிறது"

தூக்கக் கலக்கத்தில் "ஆம்" அழுத்த வைப்பதுதான் திட்டம். பத்து முறை "இல்லை" சொன்னவர் பதினோராவது முறை தொல்லை தீரட்டும் என்று "ஆம்" அழுத்திவிடுவார். "இல்லை" அழுத்திவிட்டு, எழுந்து உட்கார்ந்து அப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள். காலையில் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைக்காதீர்கள். திரையில் ஓர் எண்ணைக் காட்டி அதே எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை உங்கள் கணக்கில் இருந்தால் நல்லது. அங்கே கைதவறி அழுத்துவது கொஞ்சம் கடினம்.

"நண்பன் அனுப்பிய லிங்கில் லாகின் போட்டுவிட்டேன்"

நண்பன் அனுப்பியிருக்க மாட்டான். அவன் கணக்கை எடுத்தவன் அனுப்பியிருப்பான். வழக்கமான பேச்சுகள் இவை: "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடு மச்சி." "தெரியாம உன் கணக்கை ரிப்போர்ட் பண்ணிட்டேன், இந்த அட்மின்கிட்டப் பேசு." "நான் ஒரு கேம் பண்ணியிருக்கேன், இறக்கி டெஸ்ட் பண்ணிப் பாரேன்." மொபைல் பக்கம் வந்தால் இலவச யூசி, இலவச டைமண்ட், அதாவது கேமுக்குள் செலவழிக்கும் காசு. இலவச யூசி தருகிற தளம் என்று ஒருவன் காட்டும்போதெல்லாம், "கடை வாசலில் வந்து யாராவது உனக்குச் சும்மா பிரியாணி குடுத்திருக்காங்களா?" என்று கேட்பேன். சிரிப்பான், அடுத்த வாரம் வேறொரு லிங்கோடு வருவான்.

ஸ்டீம் கணக்குகளைக் குறிவைக்கும் ஒரு வித்தையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பக்கத்துக்குள் "ஸ்டீம் மூலம் உள்நுழைக" என்று ஒரு பட்டன். அழுத்தியதும் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதன் தலையில் சரியான முகவரி இருக்கும், பச்சைப் பூட்டுப் படம்கூட இருக்கும். எழுத்துக்கு எழுத்து சரி பார்த்தாலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால் அது ஜன்னலே இல்லை. பக்கத்துக்குள் வரைந்த படம். அந்தச் சின்ன ஜன்னலின் தலையைப் பிடித்து, பிரவுசரின் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வந்து டெஸ்க்டாப் மேல் நிற்கும். பொய் ஜன்னல் விளிம்பில் முட்டிக்கொண்டு, அதற்குமேல் நகராது. என் சென்டரில் புதிதாக வரும் பசங்களுக்கு இதை ஒருமுறையாவது செய்து காட்டுகிறேன். வாயால் சொல்வதைவிட கையால் இழுத்துப் பார்த்தது நினைவில் நிற்கிறது.

கியூஆர் கோடும் அப்படித்தான். ஸ்டீம் ஆப்பில் கியூஆரை ஸ்கேன் செய்து ஒப்புதல் கொடுத்தால், அந்தக் கோடு யார் திரையில் உருவானதோ அவரை உள்ளே விடுகிறீர்கள். தெரியாத தளம் காட்டும் கோடு எவனோ ஒருவனின் கணினியில் பிறந்ததாக இருக்கலாம்.

போட்டுவிட்டீர்கள், இப்போது என்ன? நிமிடக் கணக்குதான். பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றும் பட்டனைத் தேடி அழுத்துங்கள். ஸ்டீம் என்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கணக்கின் ஏபிஐ சாவி, அதாவது வெளி நிரல்கள் உங்கள் கணக்கோடு பேசத் தரும் அனுமதிச் சாவி, இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் வாங்காத சாவி ஒன்று அங்கே இருந்தால் ரத்து செய்யுங்கள். அந்தச் சாவியை வைத்து அவன் வெளியிலிருந்தே நீங்கள் செய்யும் கேம் பொருள்களின் பண்டமாற்றுகளைக் கவனித்துக்கொண்டிருப்பான். நீங்கள் நண்பனுக்கு ஒரு ஸ்கின் (கேமில் ஆயுதம் போன்றவற்றுக்குப் போடும் அலங்காரம்) அனுப்பும்போது அதை ரத்து செய்துவிட்டு, அதே நண்பனின் பெயரும் படமும் வைத்த போலிக் கணக்கிலிருந்து வேறொரு கோரிக்கையை அனுப்புவான். நீங்களே உங்கள் போனில் ஒப்புதல் கொடுப்பீர்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தச் சாவி தானாகப் போய்விடும் என்று நம்ப வேண்டாம், கண்ணால் பாருங்கள்.

ஸ்கின் ஏற்கெனவே போய்விட்டது என்றால், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுபவர்களுக்கு ஓர் ஆறுதல். 2025 ஜூலை முதல் அந்த கேமில் பண்டமாற்றான பொருள்கள் 7 நாள் பாதுகாப்பில் இருக்கின்றன. அதற்குள் திருப்பிப் பெறலாம். ஆனால் ஒன்றை மட்டும் பொறுக்கித் திருப்ப முடியாது; அந்த 7 நாளில் நடந்த அத்தகைய பண்டமாற்று எல்லாமே திரும்பும், பிறகு 30 நாளுக்குப் பண்டமாற்று செய்ய முடியாது.

"பாஸ்வேர்டு மாற்றினேன், மறுபடியும் வருகிறார்கள்"

என்னிடம் வருவதிலேயே தலைவலியானது இது. மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, பழைய லாகின். நீங்கள் ஒருமுறை உள்ளே வந்தபின் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்காமல் இருக்க, பிரவுசர் ஒரு சீட்டு வைத்திருக்கும். சினிமா தியேட்டரில் இடைவேளையில் வெளியே போய் வர டிக்கெட்டின் பாதியைக் காட்டுவோமே, அதுபோல. திருடன் அந்தச் சீட்டை நகலெடுத்திருந்தால் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பட்டன் அந்தச் சீட்டுகளைச் செல்லாததாக்கும். கூகுள் வழியாக கேமுக்குள் போகிறவர்கள், கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைத் திறந்து தெரியாததை ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றியதும் பெரும்பாலானவை வெளியேறினாலும், சில விதிவிலக்குகள் தங்கிவிடும்.

இரண்டாவது, மெயில். உங்கள் மெயிலின் அமைப்புகளில் வடிகட்டிகளையும் முன்னனுப்பும் முகவரியையும் பாருங்கள். கொளத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையனின் மெயிலில், கேம் நிறுவனத்தின் பெயர் உள்ள எல்லா மெயிலையும் நேராகக் குப்பைக்கு அனுப்பி, ஒரு நகலை வேறு முகவரிக்கும் தள்ளும் வடிகட்டி இருந்தது. நாலு முறை பாஸ்வேர்டு மாற்றியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை இவனுக்கு வரவில்லை, திருடனுக்குப் போயிருக்கிறது. மீட்பு மெயில், மீட்பு போன் இரண்டும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, கணினியே. ஏமாற்று நிரல், கேமை மாற்றி ஆட வைக்கும் மோட் மெனு, காசு கொடுக்காமல் இறக்கிய கேம், விண்டோஸை ஆக்டிவேட் செய்யக் கிடைத்த சின்ன புரோகிராம், இவற்றில் எதையாவது கடைசி சில வாரங்களில் ஓட்டினீர்களா? "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று எழுதியிருந்ததா? அப்படியானால் உள்ளே வந்தது தகவல் திருடும் நிரலாக இருக்கலாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அந்த லாகின் சீட்டுகள், டிஸ்கார்டு என்ற அரட்டை ஆப்பின் லாகின் டோக்கன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டு அடிப்பது, திருடன் பின்னால் நிற்கும்போது பீரோவுக்குப் புதுப் பூட்டுப் போடுவது மாதிரி.

இணையத்தை முதலில் துண்டியுங்கள். அம்மாவின் போனோ, வேறு சுத்தமான கணினியோ எடுத்து, அதிலிருந்து மெயில், கேம், டிஸ்கார்டு, வங்கி என்று வரிசையாக மாற்றுங்கள். பிறகு கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுங்கள். ஸ்கேன் செய்து சுத்தம் செய்தாலே போதும் என்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அரை நாள் போகும், போகட்டும்.

எங்கள் மாதிரி சென்டர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரனாக இருந்துகொண்டு மறைக்கக் கூடாது. பொதுக் கணினியில் "என்னை நினைவில் வை" என்ற கட்டத்தில் டிக் வேண்டாம். நேரம் முடிந்து திரை பூட்டிக்கொள்வது லாகவுட் ஆகாது. என் சென்டரில் ஒவ்வொரு முறை கணினியை மறுதொடக்கம் செய்யும்போதும் வட்டு பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படி இருக்கும் என்று எண்ண வேண்டாம். மறந்துபோய் வந்துவிட்டால், வீட்டுக்குப் போகும் ரயிலிலேயே போனில் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றிவிடுங்கள்.

"பாஸ்வேர்டும் போச்சு, மெயிலும் மாறிவிட்டது, உள்ளே போகவே முடியவில்லை"

முதலில் பழைய மெயிலைத் தேடுங்கள், குப்பைப் பெட்டியும் சேர்த்து. கணக்கின் மெயில் மாறும்போது பழைய முகவரிக்கு ஓர் அறிவிப்பு வருவது வழக்கம். சில நிறுவனங்கள் அதிலேயே மாற்றத்தைத் திருப்பும் வழியும் வைத்திருக்கும். மெயிலில் பட்டனை அழுத்தாதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் அனுப்புநர் முகவரியை முழுதாக விரித்துப் பார்த்த பிறகு.

கூகுள் கணக்கே போய்விட்டது என்றால் நாளைக் கடத்தாதீர்கள். மீட்பு போனையோ மீட்பு மெயிலையோ திருடன் மாற்றியிருந்தாலும், பழையதற்கு 7 நாள்வரை கோடு அனுப்ப கூகுள் வாய்ப்புத் தருவதுண்டு. வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான வைஃபையிலிருந்து முயலுங்கள். ஊருக்குப் போன இடத்தில், புதுப் போனில் உட்கார்ந்து முயன்றால் நீங்களே சந்தேக ஆசாமி ஆகிவிடுவீர்கள். மைக்ரோசாஃப்டில் பாதுகாப்புத் தகவல்களை மொத்தமாக மாற்றினால் 30 நாள் காத்திருப்பு உண்டு. திருடனுக்கும் அதே 30 நாள்தான்.

அப்புறம் கேம் நிறுவனத்துக்குப் புகார். இங்கே வாதம் உதவாது, சான்றுதான் உதவும். ஸ்டீமில் முதன்முதலில் வாங்கியதற்கான கட்டண விவரம், பெட்டியில் வந்த சாவி எண். எபிக் கேம்ஸ் தளத்தில் வாங்கியதற்கான ரசீது எண்கள், கணக்கு எண். மொபைல் கேம் என்றால் உங்கள் ஐடி எண், கணக்குத் தொடங்கிய மாதம், டாப்-அப் செய்த கூகுள் பிளே ரசீதுகள், எந்தக் கணக்கோடு இணைத்திருந்தீர்கள் என்ற விவரம். "அஞ்சு வருஷமா ஆடுறேன், கான்குவரர் ரேங்க் வரைக்கும் போனேன்" என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். அதைப் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒரே புகார், ஒரே எண். நாளுக்கு மூன்று புகார் போட்டால் வரிசையில் நீங்களே உங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வீர்கள்.

ஐடியை மீட்டுத் தருகிறேன் என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் வருகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போனது ஒன்று, இவர்களால் இன்னொன்றும் போகும்.

"போனில் திடீரென்று சிக்னலே இல்லை, அதே நேரம் லாகின் எச்சரிக்கை"

வீட்டில் மற்றவர்கள் போனில் அதே நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்கிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், உங்கள் நம்பருக்கு யாரோ மாற்று சிம் வாங்கியிருக்கலாம். இன்னொரு போனிலிருந்து உங்கள் நெட்வொர்க்கின் சேவை எண்ணை அழைத்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு. கேமைப் பற்றி அதற்கப்புறம் கவலைப்படலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

"கணக்கோடு பணமும் போயிருக்கிறது"

1930-க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்தத்தான் அது இருக்கிறது, அதனால் முதல் சில மணி நேரத்தில் கூப்பிட்டால்தான் அதன் பலன். எழுத்துப் புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். மற்றவரின் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் வருகிறது; 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். "கேம்தானே" என்று யாராவது தட்டிக்கழித்தால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கிக்குச் சொல்வதிலும் நாள் கணக்கு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் ஒருவனால் நடந்த பரிவர்த்தனையை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஒரு வரம்புவரை நீங்கள் ஏற்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை போன பணத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும். அதனால்தான் பசங்களிடம் கேட்பேன், "அப்பாகிட்டச் சொன்னியா?" பாதிப் பேர் சொல்லியிருக்க மாட்டார்கள். கார்டு அப்பாவுடையது, அடி விழும் என்று பயம். அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை: பையன் வந்து சொல்லும்போது முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், திட்டுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனியுங்கள். திடீரென்று ஒரு மணி நேரத்தில் இருநூறு, முந்நூறு விளம்பர மெயில்கள் வந்து குவிந்தால் எரிச்சலில் மொத்தமாக அழித்துவிடாதீர்கள். அந்தக் குவியலுக்கு நடுவே ஒரே ஒரு ரசீதை மறைப்பதற்காகவும் அப்படி அனுப்புவார்கள். மெயிலில் "ஆர்டர்", "பேமென்ட்" என்று தேடிப் பாருங்கள்.

"ஐடியை ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கினேன், இப்போது உள்ளே போக முடியவில்லை"

விற்றவரே திரும்ப எடுத்திருப்பார். முதல் ரசீதும் முதல் மெயிலும் அவரிடம்தான் இருக்கும், நிறுவனம் அவரைத்தான் நம்பும். பெரும்பாலான கேம்களின் விதிப்படி கணக்கை விற்பதும் வாங்குவதும் தடை. இதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, தம்பி.

"ஒன்றும் நடக்கவில்லை, சும்மா பார்த்து வைக்கலாம் என்று வந்தேன்"

இப்படி ஒருத்தர்தான் இதுவரை வந்திருக்கிறார். பையன் இல்லை, பையனின் அம்மா. மகனின் மெயிலுக்குத் தனி பாஸ்வேர்டு போட்டோம். மெயிலுக்கும் ஸ்டீமுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு பூட்டை, இயக்கினோம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆப் வழியாக. ஸ்டீம் ஆப்பில் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் ரத்துக் குறியீடு ஒன்று வந்தது, போன் தொலைந்தால் கணக்கை மீட்க அதுதான் கைகொடுக்கும். கூகுள் பத்து மாற்றுக் கோடுகள் கொடுத்தது, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு மட்டும். பையன் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனான். "போனே தொலஞ்சா அதுல இருக்குற போட்டோ எதுக்குடா?" என்றார் அம்மா. என்னிடம் ஒரு பேனா வாங்கி, பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எல்லாவற்றையும் எழுதி, ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.